எருமை

ஹாலந்துக்காரன் வீடு காலி செய்தபோது
பழைய சோபா, பறவைக் கூண்டு, இந்த மெஷின்
மூன்றுக்கும் விலை எழுதி வாசலில் வைத்திருந்தான்.
நாற்பத்தைந்து ரியால்.
கெஞ்சி, முகத்தைத் தொங்கப்போட்டு, முப்பத்தெட்டு.
அறைக்குத் தூக்கி வந்தேன்.
இப்ராம்ஷா சுற்றிச் சுற்றிப் பார்த்தான்:
ரப்பர் பட்டை, வயிற்றில் ஒரு பை,
பதினெட்டு மீட்டர் நீல வயர்.
"ரெண்டு மாசச் சாப்பாட்டுக் காசுடா இது."

தண்ணீரில் இறக்கினால்
பக்கவாட்டில் சாய்ந்து, குமிழி விட்டு,
நிதானமாக அமிழ்ந்து போகும்.
இரண்டு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் ஏறாது.
எருமை என்று பெயர் வைத்துவிட்டேன்.

அஸைபாவில் எங்களுக்கு ஒன்பது குளம்.
ஜூலையில் காலை ஆறு மணிக்கே தரை சுடும்.
பிக்கப்பில் ஈரச் சாக்கு போர்த்தி
எருமையை ஓட்டிப் போவேன்.
அது தரை தேய்க்கும், சுவரில் ஏறும்,
விளிம்பில் வாய் வைத்துச் சளப் சளப் என்று குடிப்பதுபோல் நின்று
திரும்ப விழும்.
ஏணிக்கு அடியில் மட்டும் எந்த வீட்டிலும் போகாது.
அந்த மூலை என் பங்கு. நீளக் கம்பு, பிரஷ்.
அப்புறம் வயர்.
வலப்பக்கம் திரும்பியே பழகிய ஜென்மம்,
அது சுற்றுகிற சுற்றையெல்லாம்
வெயிலில் நீட்டிப் போட்டு நான்தான் பிரிக்க வேண்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது.
முதுகுளத்தூர்க்காரனுக்குத் தண்ணீர் என்றால் லாரி.
ஆறாம் வீட்டில் ஆழமான பக்கம்
வடிகால் மூடியில் மாட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.
வயரைப் பிடித்து இழுக்கவும் கூடாது.
அந்த வீட்டுப் பையன், பத்து வயது,
ஒரே முங்கு, ஒரே தள்ளு.
தலையை உதறிக்கொண்டே கேட்டான்,
நீந்தத் தெரியாமலா இந்த வேலைக்கு வந்தாய்?
எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன்:
நான் தண்ணீரில் வேலை செய்யவில்லை,
தண்ணீருக்கு வேலை செய்கிறேன்.
புரிந்ததோ என்னவோ, சிரித்தான்.

மெஷின்தானே எல்லாம் செய்கிறது,
உனக்கு எதற்கு ஐந்து ரியால்?
இதைக் கேட்காத வீடு இல்லை.
கேட்பவர் முன்னால் பையைப் பிரித்துக் கொட்டுவேன்.
பேச்சு நின்றுவிடும்.
வேப்பஞ்சருகு, காகிதப்பூ, செத்த தேனீ,
பொம்மைக் காரின் டயர்,
புழுதிக் காற்று அடித்த மறுநாளென்றால்
பாலைவனமே ஒரு கிலோ.
யார் வீட்டில் விருந்து, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள்,
எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது,
எல்லாம் பைக்குத் தெரியும்.
பைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்.
நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஒன்பதாம் வீடு ஸுவைனா மேடம்.
இரவில் குளத்துப் படியில் உட்கார்ந்து
காலை நனைத்துக்கொண்டிருப்பார் என்று
வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான்.
அக்டோபரில் பையில் முடி.
நீள முடி, இரண்டு மூன்று.
அடுத்த வாரம் பிரஷ் உருளையில் சுற்றிக்கொண்டு
கத்தரிக்கோல் போட்டு வெட்டும் அளவுக்கு.
அதற்கடுத்த வாரம் கை நிறைய.
பம்ப் பழுதோ, க்ளோரின் ஜாஸ்தியோ என்று
முதலில் என் மேலேயே சந்தேகப்பட்டேன்.
டிசம்பரில் வெறும் மணல்.
ஜனவரியிலும் மணல்.
பணத்தை டிரைவர்தான் கொண்டுவந்து கொடுத்தான்.
பையைக் கழுவும்போது
கை ஏனோ மெதுவாகப் போனது.

ஏப்ரல் முதல் வாரம்.
பை வலையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
குழாயை மூடிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒரு விரற்கடை நீளம்,
சுருட்டை, கறுப்பு, நான்கைந்து.

மாடி ஜன்னல் திறந்தது.
"முடிந்துவிட்டதா?" என்றார்.
குரல்தான் கேட்டது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
குளம் அடிவரை கண்ணாடி மாதிரி கிடந்தது.

இன்னும் ஒரு சுற்று பாக்கி மேடம், என்றேன்.
எருமையை மறுபடியும் இறக்கிவிட்டு
பாதி பிரித்த வயரோடு
நிழலில் உட்கார்ந்தேன்.